தாளில் இல்லாத ஊசி

டாக்டர், நீங்கள் போலீஸில் எழுதிக் கொடுத்தது பொய்.

"மேற்படி பெண் என் கிளினிக்கில் கூட்டிப் பெருக்கவும் டோக்கன் கொடுக்கவும் வைக்கப்பட்டவர். ஊசி போட அவருக்கு நான் எப்போதும் அனுமதி கொடுத்ததில்லை. என் கவனத்துக்கு வராமல் அவராகவே செய்த காரியம் இது." இப்படி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, சீலும் வைத்திருக்கிறீர்கள். உங்கள் கிளினிக்கை ஒட்டி இருக்கிற மருந்துக்கடையில் ஒன்பது வருஷம் நின்றவன் நான். நடுவில் ஒரு சுவர். சுவரில் மருந்து எடுத்துக் கொடுக்க ஒரு சின்ன ஜன்னல். அந்த ஜன்னல் வழியாக நான் பார்த்த அக்காவைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயரைப் போடவில்லை. பெயர் கேஸ் கட்டில் இருக்கிறது, அது போதும்.

முதலில் அவருடைய தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் அவரைத் தெரிந்துகொள்ள முடியாது.

பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில், நர்சிங் உதவியாளர் என்று ஒரு வருஷப் படிப்பு நடத்தினார்கள். பத்தாவது முடித்திருந்தால் போதும். அக்கா அங்கே படித்தவர். முடிக்கும்போது இரண்டு காகிதம் கொடுத்தார்களாம். ஒன்று, தங்க நிறத்தில் பார்டர் போட்ட சான்றிதழ். இன்னொன்று, சாதாரண வெள்ளைத் தாள். உதவியாளர் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று இரண்டு பக்கமும் அச்சடித்திருக்கும். காய்ச்சல் பார்க்கலாம், பிரஷர் பார்க்கலாம், சின்னக் காயத்துக்குக் கட்டுப் போடலாம், படுக்கை மாற்றலாம். டாக்டர் பக்கத்தில் இருந்தால் அவர் எழுதிய ஊசியைப் போடலாம். ஒரு ஆளுக்கு முதல் தடவையாகப் போடுகிற மருந்தை டாக்டர் இல்லாமல் தொடக்கூடாது.

சான்றிதழை பீரோவில் வைத்துவிட்டு அந்தத் தாளைத்தான் அவர் தினமும் கைப்பையில் கொண்டு வருவார். மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி, டேப் மஞ்சளாகி, அதன் மேல் இன்னொரு டேப். "சர்டிபிகேட்டு கல்யாணப் பத்திரிக்கை மாதிரி தம்பி. பாக்க நல்லாருக்கும். குடும்பம் நடத்துறது இந்தத் தாளு" என்று ஒரு தடவை சொன்னார்.

தாளில் இருக்கிற வேலையாக இருந்தால் நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் செய்துவிடுவார். இல்லாததாக இருந்தால், "இது என் தாள்ல இல்ல" என்பார். அவ்வளவுதான். விளக்கம் கிடையாது, மன்னிப்பு கிடையாது. இந்த ஒரு பேச்சுக்காக அவரைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லாத ஆள் இல்லை. நானும் சொல்லியிருக்கிறேன்.

ஆள் குள்ளம். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. திருமங்கலத்திலிருந்து காலையில் முதல் ஆளாக பஸ் ஏறி வந்து கிளினிக்கைத் திறப்பார். நடக்கிற சத்தம் கேட்காது, பேச்சு மட்டும் ரோடு வரைக்கும் கேட்கும். யார் உள்ளே வந்தாலும் முதலில் நகத்தைப் பார்ப்பார். "ஏம்ப்பா, இந்தக் கைய வச்சுத்தான் புண்ணுக்கு மருந்து போட்டியா? போய்க் கழுவிட்டு வா, போ." பெரிய கார் வைத்திருக்கிற ஆளாக இருந்தாலும் கழுவிவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

ஊசி போட்டால் வலிக்காது. இது உண்மை. எனக்கே போட்டிருக்கிறார். பஞ்சு பட்டது தெரியும், அதற்குப் பிறகு பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்வார், நடுவில் நடந்தது தெரியாது. அதனால்தான் அந்தச் சொல் அவர் மேல் ஒட்டிக்கொண்டது. கைராசி.

திருமங்கலத்துக்குத் தெற்கே இருக்கிற கரிசல் ஊர்களிலிருந்தெல்லாம் வருவார்கள். வந்ததும் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்கமாட்டார்கள். "ஊசி போடுற அக்கா இருக்கா?" என்று என் கடையில்தான் கேட்பார்கள். ஒரு கிழவி வந்தது ஞாபகம் இருக்கிறது. டாக்டர் மாத்திரை மட்டும் எழுதியிருந்தார். கிழவி நகரவில்லை.

"மூணு நாளாக் காச்ச தாயி. ஒரு ஊசியப் போட்டுவிடு."

"ஊசி எழுதல ஆத்தா. மாத்திரைதான் எழுதிருக்காரு."

"அவரு கெடக்காரு. ஒன் கை பட்டாலே எனக்குப் பாதி சரியாப்போகும். ஒனக்குக் கைராசி."

"கைராசியும் இல்ல, கால்ராசியும் இல்ல. சீட்டுல இல்லாத ஊசிய நான் போடமாட்டேன்."

"இம்புட்டுத் தூரம் பஸ்ஸேறி வந்துட்டு ஊசி போடாமப் போனா ஊர்ல என்ன சொல்லுவாக?"

"கெழவிக்கு ஒண்ணுமில்ல, கல்லு மாதிரி இருக்கான்னு சொல்லுவாக."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கிழவி விடவில்லை. "அப்ப வெறுந்தண்ணியவாச்சும் ஏத்திப் போடேன், யாருக்குத் தெரியப்போகுது!"

நானும் ஜன்னலில் சிரித்தேன். கிழவி போன பிறகு அக்கா என்னிடம் வந்து, "சிரிக்காத தம்பி. கைராசின்னு ஒரு பரிட்சை கிடையாது. எழுதி பாஸாகவும் முடியாது. ராசி போச்சுன்னு நாலு பேரு சொன்னா எங்க போய் மறுகூட்டல் கேக்குறது?" என்றார்.

ஆனால் டாக்டர், உங்களுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்திருந்தது. "எங்க சிஸ்டருக்கு நல்ல கைராசிங்க" என்று எத்தனை நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறீர்கள்? அப்போதெல்லாம் அவர் கூட்டிப் பெருக்குகிறவராக உங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் சிஸ்டர் என்று சொல்கிறபோதெல்லாம் அவர் பின்னாலிருந்து "உதவியாளர்ங்க" என்று திருத்துவார். நீங்கள் சிரிப்பீர்கள். தன்னடக்கம் என்று நினைத்தீர்களோ என்னமோ. அவர் தன் அளவைச் சொன்னார்.

வெள்ளைக் கோட்டு விஷயமும் அப்படித்தான். அக்கா நீலக் கோட்டுத்தான் போட்டிருந்தார், அவரே தைத்தது. நீங்கள் வெள்ளைக் கோட்டு வாங்கி வந்து போடச் சொன்னீர்கள். "வெள்ளையப் போட்டா ஆளுக என்னைய நர்ஸுன்னு நெனப்பாக சார்" என்றார். "நெனைக்கட்டுமே" என்றீர்கள். மறுநாள் அவர் வெள்ளைக் கோட்டோடு வந்தார். நெஞ்சில் ஒரு துண்டுத் துணி, அதில் மார்க்கர் பேனாவால் 'உதவியாளர்' என்று எழுதி ஊக்கால் குத்தியிருந்தார். மத்தியானத்துக்குள் நீங்கள் அதைக் கழற்றச் சொல்லிவிட்டீர்கள். கிளினிக்குக்கு மரியாதையாக இல்லை என்று.

எனக்கு அவர் செய்ததைச் சொல்கிறேன். செய்யாததைச் சொல்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரிக்கு நாலு நாளாகக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை. கிளினிக் கிடையாது. எழுந்து நிற்க முடியவில்லை. நான் என்ன செய்தேன்? கடையைத் திறந்து ஒரு குளுக்கோஸ் பாட்டில், டியூப், ஊசி எல்லாம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் போய் அக்காவைக் கூட்டி வந்தேன். வந்தார். கையைப் பிடித்து நாடி பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார். ஈறில் ரத்தம் கசிந்திருந்தது. முழங்கையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பாட்டிலைத் திரும்பவும் பையில் போட்டுவிட்டார்.

"இது என் தாள்ல இல்ல. ஆட்டோ பிடி. பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்."

எனக்குக் கோபம் வந்தது. "ஒரு பாட்டில் ஏத்துறதுக்குப் பெரியாஸ்பத்திரியா? ரோட்டுல போறவன்லாம் ஏத்துறான். பெரிய இவ மாதிரி பேசாதீங்கக்கா."

"நான் பெரிய இவ இல்ல தம்பி. அதனாலதான் சொல்றேன். ஆட்டோ பிடி."

டெங்கு. ரத்தத்தில் அணுக்கள் இறங்கிப்போயிருந்தன. இன்னும் ஒரு நாள் வீட்டில் வைத்திருந்தால் தங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று அங்கே பார்த்த டாக்டர் சொன்னார். என் வீட்டுக்காரி இன்றைக்கு உயிரோடு இருப்பது அக்கா ஊசி போட்டதால் இல்லை, போடாததால். இதை நான் அன்றைக்கே ஊர் முழுக்கச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஊசி போட்டவளுக்குத்தான் பெயர். போடமாட்டேன் என்றவளுக்கு என்ன பெயர் இருக்கிறது?

அவர் படித்த இடத்தை மூடிவிட்டார்கள். ஒரு நாள் போய்ப் பார்த்தால் அங்கே செல்போன் ரிப்பேர் சொல்லிக்கொடுக்கிறார்களாம். சான்றிதழ் செல்லுமா என்று கேட்க அக்கா ஆபீஸ் ஆபீஸாகப் போனார். ஒரு இடத்தில், இந்தப் படிப்பே எங்கள் பட்டியலில் இல்லை என்றார்கள். ஒரு இடத்தில், பன்னிரண்டாவது படித்திருக்க வேண்டும் என்றார்கள். ஒரு இடத்தில் வயது தாண்டிவிட்டது. கடைசியாக ஒரு இடத்தில் ஒருவர் உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். வேலை தெரிந்தவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள், ஆனால் நீ வேலை பார்க்கிற இடத்தில், இன்னின்ன வேலை இத்தனை வருஷம் பார்த்தாள் என்று எழுதி வாங்கி வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

அக்கா அன்றைக்கு வந்த வரத்து! பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் ஜன்னலுக்கு வந்து, "தம்பி, பரிட்சை எழுதப்போறேன்டா" என்றார். அதுவரை என்னை 'டா' போட்டதே இல்லை.

உங்களிடம் கேட்டார் டாக்டர். நீங்கள் அடுத்த வாரம் என்றீர்கள். அடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றீர்கள். பொங்கலுக்குக் கேட்டார், சித்திரைத் திருவிழா முடிந்து கேட்டார், தீபாவளிக்குக் கேட்டார். மறு வருஷமும் கேட்டார். ஒரு நாள் நீங்கள் சொன்னது என் காதில் அப்படியே இருக்கிறது. "உன்னைப் பத்தி ஊருக்கே தெரியும். உனக்கு எதுக்கும்மா பேப்பரு?"

ஏன் கொடுக்கவில்லை என்று எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது. கொடுப்பதாக இருந்தால் அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று எழுத வேண்டும். எழுதினால் அது நீங்கள் பார்க்க வேண்டிய வேலை என்று தெரிந்துவிடும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் மருந்தாளுநர் படிப்பு படிக்கவில்லை. கடைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற சான்றிதழ் வேறொருவருடையது. அவர் எப்போதாவது வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அக்கா ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, "யாரு தம்பி இது, கொலசாமியா? மாலை போட்டுச் சூடம் காட்டுறீகளா?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். "படிச்சது அவரு, எடுத்துக் குடுக்குறது நீயி. தெரியாததக் குடுக்காத. தெரியாதுன்னு சொன்னா நாக்கு ஒண்ணும் கீழ விழுந்துறாது" என்றார்.

கொரோனாவில்தான் எல்லாம் மாறியது. நீங்கள் வீட்டில் இருந்துகொண்டு போனில் மருந்து சொன்னீர்கள். சரி, அப்போது எல்லோருக்கும் பயம். ஆனால் கொரோனா போன பிறகும் போன் போகவில்லை. டவுனுக்குள் இன்னொரு கிளினிக் ஆரம்பித்தீர்கள். இங்கே பாதி நாள் நாற்காலி மட்டும்தான் இருந்தது. உள்ளே சிக்னல் கிடைக்காது. அதனால் அக்கா போனை என் ஜன்னல் கட்டையில் வைத்து, ஸ்பீக்கர் போட்டுத்தான் உங்களிடம் பேசுவார். நீங்கள் சொல்கிற ஒவ்வொன்றையும் சத்தமாகத் திருப்பிச் சொல்வார். "காச்ச மாத்திரை, மூணு நாளைக்கு, சாப்பிட்டதுக்கப்புறம். சரிதானா சார்?" நீங்கள் சலித்துக்கொள்வீர்கள். "சரிதான்னு சொல்லுங்க சார்" என்பார். நீங்கள் "சரி" என்ற பிறகுதான் அடுத்தது. ஊசி என்று நீங்கள் சொன்னால் மட்டும், "நீங்க வந்ததும் போடுறேன் சார். இது என் தாள்ல இல்ல" என்று போனை வைத்துவிடுவார். நோயாளி காத்திருப்பார், இல்லையென்றால் வேறு டாக்டரிடம் போவார். உங்களுக்கு இது பிடிக்கவில்லை. ஆள் குறைகிறது என்று அக்காவை இரண்டு தடவை எச்சரித்தீர்கள்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

வெயில் ஏறிய நேரம். கரிசல்காட்டு ஊரிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்திருந்தார்கள். புருஷனுக்கு நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். பருத்திக் காட்டில் காலில் குச்சி ஏறி, புண் சீழ் வைத்து, காய்ச்சல். அக்கா புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார். ஜன்னலுக்கு வந்து உங்களைக் கூப்பிட்டார். நீங்கள் ஒரு ஊசியின் பெயரைச் சொன்னீர்கள். நான் அலமாரியிலிருந்து எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தேன். அதற்குப் பிறகு பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன். நீங்கள் மறந்திருப்பீர்கள்.

"சார், இந்த ஊசி இவருக்கு முன்னப்பின்ன போட்டதில்லயாம். கொஞ்சமாப் போட்டு ஒத்துக்குதான்னு பாக்கணும். நீங்க இருக்கணும் சார்."

"அதெல்லாம் பாத்துக்கிட்டிருந்தா சாயங்காலமாயிரும். போட்டுவிடு."

"இது என் தாள்ல இல்ல சார்."

"அப்ப அந்தத் தாளைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போ. நாளையிலேருந்து வராதே. உன் கைராசிக்கு என்ன ஆகப்போகுது? போட்டுவிடுன்னு நான் சொல்றேன்ல?"

போனை வைத்துவிட்டீர்கள். அன்றைக்கு நீங்கள் 'சரி' சொல்லும் வரை காத்திருக்க அவருக்கு வாய்ப்பு இல்லை.

அந்தம்மா பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். "போட்டுவிடு தாயி. ஒன் கையால போட்டாத்தான் கேக்கும்னு வந்தோம். பஸ்ஸு போயிரும்."

அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "போட்டு அனுப்பிவிடுங்கக்கா" என்றேன். வேலை போய்விடும் என்று அவருக்காகப் பயந்துதான் சொன்னேன். ஆனாலும் சொன்னேன்.

போட்டார். இத்தனை வருஷத்தில் தாளைத் தாண்டியது அந்த ஒரு தடவை.

அந்த ஆள் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு வாசல் வரைக்கும் வந்தார். கை அரிக்கிறது என்றார். உதடு தடித்தது. அப்படியே படியில் உட்கார்ந்து சாய்ந்துவிட்டார். மூச்சு இழுத்த சத்தம் ரோட்டுக்குக் கேட்டது. அக்கா ஓடிவந்து அவரைக் கீழே படுக்கவைத்துக் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார். 108-க்கு என்னைக் கூப்பிடச் சொன்னார். உங்களுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

உள்ளே அவசர டிரேயில் ஒரு சின்னக் குப்பி இருந்தது. இந்த மாதிரி நேரத்துக்கான மருந்து. அது எதற்கு என்று அக்காவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், நான்தான் எடுத்துக் கொடுத்து வைத்தது. அக்கா அதைக் கையில் எடுத்துவிட்டார். எடுத்துக்கொண்டு நின்றார்.

"எம்புட்டுப் போடணும் தம்பி? எம்புட்டுப் போடணும்? எனக்குச் சொல்லிக்குடுக்கலயே! சொல்லிக்குடுக்கலயேடா!"

என்னிடம் கத்தினார். அந்தக் குப்பியை எத்தனையோ தடவை விற்றவன் நான். எவ்வளவு போடுவது என்று எனக்கும் தெரியாது. அந்தம்மா ஒரு பக்கம் புருஷன் தலையைப் பிடித்துக்கொண்டு, "போடு தாயி, எதையாச்சும் போடு" என்று கும்பிட்டார். நாங்கள் மூன்று பேரும், தெரிந்தவன் ஒருத்தன் கூட இல்லாமல், ஒரு மனுஷன் நீலமாவதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அக்கா திரும்பத் திரும்ப உங்களுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் ரிங் போகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆம்புலன்ஸ் வந்தது. வழியிலேயே போய்விட்டார்.

சொந்தக்காரர்கள் வந்து ரோட்டை மறித்தார்கள். நீங்கள் வக்கீலோடு வந்தீர்கள். போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அக்காவிடம் கேட்டார்.

"யாரும்மா ஊசி போட்டது?"

"நான்தான் சார்."

"யார் சொல்லிப் போட்ட?"

"டாக்டர் சொல்லி."

"எழுதிக் குடுத்தாரா?"

"போன்ல சொன்னாரு. ஸ்பீக்கர்ல. இந்தத் தம்பி கேட்டுச்சு."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். கடை முதலாளி வரும்போதே என்னிடம் சொல்லியிருந்தார்: நீ வாயைத் திறந்தால் அந்த மருந்தை எடுத்துக் கொடுத்தது யார் என்று கேட்பார்கள், சுவரில் இருக்கிற சான்றிதழ் யாருடையது என்று கேட்பார்கள், நீயும் உள்ளே போவாய்.

"கடையில கூட்டமா இருந்துச்சு சார். நான் கவனிக்கல" என்றேன்.

கடையில் ஒரு ஆள் கூட இல்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சரி விடு. ஒனக்கும் தாள் இல்ல, பாவம்" என்றார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகுதான் உங்கள் கடிதம் வந்தது. வருஷக்கணக்கில் கெஞ்சியும் கிடைக்காத கையெழுத்து ஒரே நாளில் கிடைத்துவிட்டது. அவர் என்ன வேலை பார்த்தார் என்று நீங்கள் எழுதிக் கொடுத்த ஒரே காகிதம் அதுதான். கூட்டினாள், பெருக்கினாள், டோக்கன் கொடுத்தாள்.

கைராசி ஒரு வாரத்தில் போய்விட்டது. எந்த ஊர்க்காரர்கள் அவர் கை பட்டால் சரியாகும் என்றார்களோ அவர்களே, படிக்காத கழுதை நர்ஸ் வேஷம் போட்டு ஆளைக் கொன்றுவிட்டாள் என்றார்கள். வெள்ளைக் கோட்டை எதற்குப் போட்டாள் என்று கேட்டார்கள். அதை வாங்கிக் கொடுத்தது யார் என்று நான் சொல்லவில்லை.

அக்கா ஜாமீனில் இருக்கிறார். வீட்டில் உட்கார்ந்து கடலை மிட்டாய்க்குப் பாக்கெட் ஒட்டுகிறார். நான் கடையை விட்ட பிறகு ஒரு நாள் போனேன். பக்கத்து வீட்டு ஆள் அரிவாள்மனையில் விரலை அறுத்துக்கொண்டு வந்து நின்றார். ஒரு கட்டுப் போட்டால் போதும். அது அவர் தாளில் இருக்கிற வேலைதான். "என்கிட்ட வராதீக" என்று கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே போய்க் கையைக் கழுவினார். எதையும் தொடாத கையை அவ்வளவு நேரம் கழுவினார்.

கோர்ட்டில் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். என் பொய்யையும், கடையில் நான் நின்ற கதையையும் சேர்த்துச் சொல்லப்போகிறேன் என்றேன்.

"நீ சொன்னா என்னைய மாதிரி ஒருத்தன் சொன்னான்னுதான் தம்பி எடுத்துக்குவாக. அன்னைக்குக் கவனிக்கலன்னவன் இன்னைக்கு எப்பிடிக் கவனிச்சான்னு வக்கீலு கேப்பான். அவரு வாயால சொல்லணும்." பிறகு ஒரு பாக்கெட்டை எடுத்து ஒட்டிக்கொண்டே, "பரிட்சை எழுதியிருப்பேன் தம்பி. பாஸாயிருப்பேன்" என்றார்.

இறந்தவருடைய மனைவியையும் பார்த்தேன். அவர் அக்காவைத் திட்டவில்லை. "அந்தப் பொண்ணு வேணாம்னுதான் போன்ல சொல்லுச்சு. நாந்தான் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போடச் சொன்னேன். நாந்தான் கொன்னுட்டேன்" என்று சொல்லிச் சொல்லி அழுகிறார். சாட்சிக்கு வரச் சொன்னால், என் பாவத்தை எந்த வாயால் சொல்வேன் என்கிறார். ஊசி போட்டவர் தன்னைக் கொலைகாரி என்று நினைக்கிறார். போடச் சொல்லிக் கும்பிட்டவர் தன்னை நினைக்கிறார். எடுத்துக் கொடுத்த நான் என்னை நினைக்கிறேன். நீங்கள் மட்டும் நிம்மதியாக இருக்கிறீர்கள்.

உங்கள் கிளினிக் நடக்கிறது. வேறொரு பெண் வெள்ளைக் கோட்டில் நிற்கிறார். அவரையும் சிஸ்டர் என்கிறீர்கள். நேற்றுப் பார்த்தேன், ரோட்டு முனையில் ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம், நீங்கள் தலைமை, நீங்கள் பேசுகிறீர்கள். கரிசல் ஊர்களுக்கெல்லாம் வேன் விடுகிறார்களாம். அதே ஜனங்கள்தான் வந்து உட்காருவார்கள். நானும் வருவேன். அந்தம்மாவையும் கூட்டி வருவேன்.

மேடையில் மைக் இருக்கும். வேறு எதுவும் பேச வேண்டாம். அன்றைக்குப் பகலில் என் ஜன்னல் கட்டையில் இருந்த போனில், "போட்டுவிடு" என்று நீங்கள் சொன்னீர்களா, இல்லையா? அத்தனை பேருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள் டாக்டர்.